சொல்லிக்கொள்ளாமல் போகிற வீடு

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் திரும்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்ல மாட்டார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல் வாசலைத் தாண்டிவிடுவார்கள். இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. பார்த்துப் பார்த்து வருவதுதான்.

இது அந்த அமலராணிக்குத் தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்தவள். சர்ச்சுக்குப் போகிறவளாக இருந்தால் என்ன, அவர்கள் வீட்டில் சாவே விழாதா? ஆனாலும் போன வெள்ளிக்கிழமை, என் மகன் தசரதனுக்குக் காரியம் செய்ய நாள் குறித்த வீட்டில், என் வாசலில் நின்றுகொண்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை வரேங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று சாயந்திரம் என் மருமகள் பச்சையம்மா தலைக்குக் குளித்து, ஒரு முழம் மல்லி வாங்கி வைத்துக்கொண்டாள்.

என் மச்சான் சுப்பராயலு அதைப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தம் செம்பாக்கம் ஏரிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தசரதன் லாரி டிரைவர். மூன்று வருஷத்துக்கு முன்னால், புயல் வந்த வாரம், ஆந்திரா பக்கம் லோடு ஏற்றிக்கொண்டு போனான். லாரியை ஒரு கால்வாயிலிருந்து தூக்கினார்கள். கிளீனரின் உடம்பு கிடைத்தது. என் மகன் கிடைக்கவில்லை. நானும் சுப்பராயலுவும் பாஷை தெரியாத ஊரில் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய், துணியை விலக்கி விலக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. இப்போது என் மகள் தனக்கோடிக்குக் கூடுவாஞ்சேரியில் ஓர் இடம் வந்திருக்கிறது. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளையின் அம்மா காப்பி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "காப்பி கொண்டாந்து குடுத்துதே உங்க மருமவ, அது பூ வெச்சிக்கலாமா, கூடாதா?"

அதற்கு ஒரு பதில் வேண்டும் என்றுதான் வருகிற அமாவாசையன்று காரியத்தை முடித்துவிடலாம் என்று பேச்செடுத்தோம். பச்சையம்மா ஒரே வார்த்தைதான் சொன்னாள். "முடியாது." அதோடு சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் பால் கறந்துகொண்டிருந்தவள் மாட்டின் காலடியிலேயே மயங்கி விழுந்தாள். தனக்கோடி எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலைக்குப் போகிறவள். அங்கே யாரையோ விசாரித்து இந்த அமலராணியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தாம்பரத்தில் ஏதோ சேவை நிலையமாம், அதில் சோஷியல் ஒர்க்கர்.

நாலு வார்த்தை நல்லபடியாகப் பேசி மருமகளைச் சம்மதிக்க வைப்பாள் என்றுதான் நானும் உள்ளே விட்டேன். இரண்டு வெள்ளிக்கிழமை வந்தாள். புத்தி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாட்டுக் கொட்டகையில் போய் அவளோடு உட்கார்ந்துவிட்டுப் போனாள்.

இது மூன்றாவது வெள்ளிக்கிழமை.

காலையில் சுப்பராயலு சைக்கிளில் வந்தான். கேட்டைத் தள்ளியதும் முதல் பேச்சே அதுதான்.

"இன்னா மச்சான், ராவும் பகலும் கேட்டு தொறந்தே கீது? மாட்ட எவனாவது ஓட்டிக்கினு போவப் போறான்."

"பூட்டு துருப்புடிச்சிப் போச்சி."

"வேற வாங்க வேண்டிதுதான? சரி, அத்த விடு. ஒத்துக்கினாளா?"

"இல்ல."

"அமாவாசைக்கு இன்னும் நாலு நாளுதான் கீது. ஐயருக்குச் சொல்லியாச்சு, பந்தலுக்குச் சொல்லியாச்சு. அந்த டீச்சரம்மா இன்னைக்கும் வருமா?"

"டீச்சர் இல்ல. சோஷியல் ஒர்க்கர்."

"எதுவா வேணா இருக்கட்டும். வந்தா வாய மூடிக்கினு போவச் சொல்லு. மறுபடி வரேன் கிரேன்னு சொல்லிச்சி, அப்பறம் நான் மனுஷனா இருக்க மாட்டேன்."

"இப்ப மட்டும் இருக்கியா மாமா?" சமையல்கட்டிலிருந்து தனக்கோடியின் குரல் வந்தது.

"பாத்தியா மச்சான், உன் பொண்ணு வாய? இவுளுக்காவத்தான் நான் அலையறேன்."

காப்பியைக் குடித்து முடித்தான். டம்ளரைக் கீழே வைத்தான். சுப்பராயலு எப்போது கிளம்பினாலும் "வரேன் மச்சான், வரேம்மா தனம், வரேன் பச்ச" என்று மூன்று பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு கிளம்புகிறவன். அன்றைக்கு எழுந்தான். துண்டை உதறினான். குழாயடியில் பால் கேன் கழுவிக்கொண்டிருந்த பச்சையம்மாவின் எதிரிலேயே நடந்து போய் சைக்கிளை எடுத்தான்.

வேண்டுமென்றே செய்தான். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நாள் குறித்த வீடு.

பச்சையம்மா கேனைக் கவிழ்த்த கையோடு அப்படியே நின்றாள். தண்ணீர் குழாயிலிருந்து சும்மா போய்க்கொண்டிருந்தது.

சாயந்திரம் அமலராணி வந்தாள். வயது முப்பதுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும். பருத்திச் சேலை, துணிப்பை, குடை. கேட்டுக்குப் பக்கத்தில் என் கயிற்றுக் கட்டில் கிடக்கிறது. நான் படுப்பதும் உட்காருவதும் அதில்தான். நேராகக் கொட்டகைக்குப் போகாமல் என் முன்னால் வந்து நின்றாள்.

"உக்காரலாங்களா?"

"உக்காரு. நான் வேணாம்னா இன்னா, உக்காராம போயிடுவியா?"

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "ஐயா, போன வாரம் நான் சொல்லிட்டுப் போனது உங்களுக்கு எவ்வளவு சங்கடமாப் போச்சுன்னு தனக்கோடி சொன்னாங்க. எங்க வேலையில, திரும்ப எப்ப வருவோம்னு சொல்லாம ஒரு வீட்ட விட்டுக் கிளம்பக் கூடாது. அந்தப் பழக்கத்துல சொல்லிட்டேன். இந்த வீடு இருக்கிற நெலமய யோசிக்கல. தப்புதாங்க."

மெதுவாகப் பேசுகிறவர்கள் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. லேஅவுட் போட வந்தவன் இவளைவிட மெதுவாகப் பேசினான். ஐயா ஐயா என்றே பேசி ஏரியோரத்து நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டான். ஆனால் அவன் ஒரு நாளும் "தப்புதாங்க" என்று சொன்னதில்லை. தப்பு என்று ஒத்துக்கொண்டவளை எப்படித் திட்டுவது?

"சரி. இன்னைக்கு வாய மூடிக்கினு போ."

"அப்படிப் போனா உங்க பக்கம் சேந்துட்டேன்னு ஆயிடுங்க. வரேன்னு சொன்னா உங்க மருமக பக்கம். எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

"பக்கம் இன்னா பக்கம்? எனுக்கு ஒரு பொண்ணு கீது. கட்டிக் குடுக்கணும். அவ்ளோதான்."

"பொண்ணு கல்யாணம் தடை இல்லாம நடக்கணும்னுதான் இதைச் செய்றீங்க."

"அத்தத்தான நானும் சொன்னேன்! நான் சொன்னத எனக்கே திருப்பிச் சொல்றதுக்கா உனுக்குச் சம்பளம் குடுக்கறாங்க?"

அவள் சிரித்துவிட்டாள். "ஆமாங்க. பாதிச் சம்பளம் அதுக்குத்தான்."

"மீதி?"

"சும்மா இருக்கிறதுக்கு."

எனக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

சொன்னபடியே அவள் சும்மா இருந்தாள். வேப்பமரத்தில் காக்கை ஒன்று இடம் மாறி உட்கார்ந்தது. அப்புறம் கேட்டாள்: "உங்களுக்கு எப்படி இருக்குங்க? மகனை நினைச்சா."

"எனுக்கு இன்னா? போனவன் போயிட்டான். அவ கொட்டாயில கீறா. அவளப் போய்ப் பாரு."

கேள்வியை அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பது எனக்குப் பழக்கமில்லை. நான்தான் எழுந்து போனேன்.

பின்பக்கம் சுற்றிக்கொண்டு வந்து வைக்கோல் போருக்கு அந்தப் புறம் உட்கார்ந்தேன். ஒட்டுக்கேட்பது அசிங்கம் என்பார்கள். என் வீடு, என் மாடு, என் வைக்கோல். எங்கே வேண்டுமானாலும் உட்காருவேன்.

பச்சையம்மா பால் கறந்துகொண்டிருந்தாள். அமலராணி கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சாணித் தரையில் குந்தியிருந்தாள். சேலை ஓரம் அழுக்காவதை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. குவளையில் பால் பீய்ச்சுகிற சத்தம் மட்டும்தான். ஒரு மாடு முழுக்கக் கறந்து முடிகிற வரைக்கும் இரண்டு பேரும் வாய் திறக்கவில்லை. பேசு, ஏதாவது சொல்லு என்று நான் உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் பச்சையம்மாதான் பேசினாள்.

"காலையில சுப்பராயலு மாமா சொல்லிக்காம போனாருக்கா."

"சொல்லிக்காம போனாரு."

"என் எதுர்லயே."

"உங்க எதிர்லயே."

மறுபடி இந்தத் திருப்பிச் சொல்கிற வேலைதான் என்று நான் நினைத்தேன். ஆனால் பச்சையம்மாவுக்கு என்னைப் போலக் கோபம் வரவில்லை.

"அது மாரி ஒரு தபா பாத்துக்கீறேன்க்கா."

எப்போது, யார் என்று நானாக இருந்தால் கேட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை. கன்று இழுத்தது. கயிற்றைக் கை மாற்றிப் பிடித்தாள்.

"அவரு போனாரே, அன்னிக்கு" என்றாள் பச்சையம்மா. "ரேடியோவுல புயல்னு சொல்லிக்கினே கீறான், போவாதன்னேன். மொதலாளி வண்டிய வேற ஆளுக்குக் குடுத்துடுவான்னாரு. எனுக்குக் கோவம். எழுந்து மாட்டாண்ட வந்துட்டேன். அவரு பீடி வாங்கத் தெரு மொனைக்குப் போனாக்கூட 'பச்ச, வரேன்'னு சொல்லிட்டுப் போறவரு. அன்னிக்குச் சொல்லல. செருப்பு போடற சத்தம் கேட்டுச்சு. கேட்டு சத்தம் கேட்டுச்சு. நானும் போயிட்டு வான்னு சொல்லல."

அமலராணி ஒன்றும் சொல்லவில்லை. நல்லவேளை, சொல்லவில்லை.

"லாரி கெடச்சிச்சின்னு சேதி வந்தன்னிக்கே எனுக்குத் தெரியும்க்கா, அவரு இல்லன்னு. நான் ஒண்ணும் அவரு வருவாருன்னு குந்திக்கினு இல்ல."

"நீங்க காத்துக்கிட்டு இல்ல."

"மாமாதான். மாமாதான் மூணு வருஷமா கேட்டப் பூட்டாம, கேட்டாண்டயே கட்டிலப் போட்டுக்கினு கெடக்கறாரு. பூட்டு துருங்கறாரு. நல்ல பூட்டு உள்ள கீது, நான் எண்ணெ போட்டு வெச்சிக்கீறேன். நான் சரின்னுட்டா அப்பறம் அவரு இன்னாத்துக்குக் கேட்டத் தொறந்து வெப்பாரு? எதப் புடிச்சிக்கினு இருப்பாரு? நான் முடியாதுன்னா, என்னத் திட்டிக்கினாவது இருப்பாரு இல்ல?"

வைக்கோல் கை நிறைய இருந்தது. எப்போது பிடுங்கினேன் என்று தெரியவில்லை.

"மாமாவுக்காக முடியாதுன்னு சொல்லிட்டு இருந்தீங்க." என்றாள் அமலராணி.

"ம்." பால் குவளையைத் தூக்கி ஓரமாக வைத்தாள். "அன்னிக்கு நீங்க வரேன்னு சொல்லிட்டுப் போனீங்க இல்ல. நெஜமாவே இது சாவு வூடு இல்லன்னா எப்பிடி இருக்கும்னு ஒரு நாளு மட்டும் பாக்கலாம்னு பூ வெச்சிக்கினேன். அவ்ளோதான்."

அமலராணி கன்றின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டாள்.

"இப்ப உங்களுக்கு என்ன வேணும் பச்சையம்மா? மாமாவுக்கு இல்ல. உங்களுக்கு."

"பசிக்குதுக்கா" என்றாள் பச்சையம்மா. சொல்லிவிட்டு முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். சேதி வந்த அன்றுகூட அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. அமலராணி அழாதே என்று சொல்லவில்லை. முதுகைத் தடவவில்லை. கன்றை விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள். கன்று ஓடிப்போய் மாட்டின் மடியில் முட்டியது. இரண்டு பேருமே தடுக்கவில்லை.

நான் முன்பக்கம் வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவர்கள் வந்தார்கள். தனக்கோடி வேலையிலிருந்து வந்து முகம்கூடக் கழுவாமல் நின்றுகொண்டிருந்தாள். அமலராணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை.

"ஐயா, பச்சையம்மா, நான் கிளம்பணும். இந்த வீட்ல இருந்து எப்படிக் கிளம்பறதுன்னு நானா முடிவு பண்ணக் கூடாது. நீங்க ரெண்டு பேரும் சொல்லுங்க. எப்படிப் போகட்டும்?"

இதே இடத்தில் கொஞ்சம் முன்னால் நான்தான் சொன்னேன், வாயை மூடிக்கொண்டு போ என்று. அதையே இன்னொரு முறை சொன்னால் போதும். கட்டிலின் கயிற்றைப் பிடித்து நிமிண்டினேன்.

பச்சையம்மா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"சொல்லிக்காம போங்கக்கா" என்றாள் அவள்.

"அண்ணி!" என்று தனக்கோடி ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டாள். "வேணாம் அண்ணி. எனக்கு அந்தக் கல்யாணமே வேணாம்."

"உனுக்காவ இல்ல தனம். சும்மா இரு."

அமலராணி என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று நின்றாள். அப்புறம் குனிந்து செருப்பைப் போட்டாள். குடையை எடுத்தாள். யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் நடந்தாள். கேட் திறந்தது. சாத்திக்கொண்டது.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. காரியம் நடக்கும். கல்யாணம் நடக்கும். கூடுவாஞ்சேரிக்காரிக்குப் பதில் சொல்லலாம்.

நான் செருப்பில்லாமல் தெருவில் ஓடிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா! யம்மா! நில்லு!"

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் அவள் திரும்பினாள். எனக்கு மூச்சு வாங்கியது. வேட்டி அவிழ்ந்து கையில் இருந்தது. டீக்கடையில் நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

"சொல்லிட்டுப் போ."

"ஐயா?"

"வரேன்னு சொல்லிட்டுப் போ. அவளுக்கு வேணாம். எனுக்குச் சொல்லு. ஒரு வார்த்த."

வேளச்சேரிப் பக்கமிருந்து பஸ் வந்து நின்றது. "தாம்பரம், தாம்பரம்! ஏறும்மா, பாத்துக்கினே நிக்கிறியே!" என்று கண்டக்டர் கத்தினான். அவள் கையை ஆட்டிப் போகச் சொன்னாள். பஸ் போன புகை அடங்கும் வரை நின்றாள்.

"அவன் சொல்லலியாம், யம்மா" என்றேன். "அன்னிக்குக் கெளம்பறப்ப. நான் ஏரிக்கரையில மாட்டுக்குப் புல்லு அறுத்துக்கினு இருந்தேன். அவகிட்ட சொல்லிட்டுத்தான் போயிருப்பான்னு இத்தினி நாளா நெனச்சிக்கினு இருந்தேன். சொல்லிட்டுப் போனவன் வந்துதான ஆவணும்? சொல்லலியாம். எம்புள்ள தசரதன் சொல்லாமலே பூட்டான்."

அவன் பேரை வாயால் சொல்லி மூன்று வருஷமாகிறது. அது எனக்கே யார் பேரோ மாதிரிக் கேட்டது.

அவள் எனக்குச் சமாதானம் சொல்லவில்லை. நான் சொன்னதைத் திருப்பிச் சொல்லவும் இல்லை. இந்தத் தடவை திருப்பிச் சொல்லியிருந்தால்கூட நான் கோபித்துக்கொண்டிருக்க மாட்டேன். துண்டால் நான் முகத்தைத் துடைத்து முடிக்கிற வரைக்கும் நின்றாள்.

"ஐயா" என்றாள். "இன்னொருத்தர் வருவாங்கன்னு நான் சொல்ல முடியாதுங்க. என்னைப் பத்தி மட்டும்தான் சொல்ல முடியும். வெள்ளிக்கிழமை நான் வரேன். உங்களப் பாக்க."

"அமாவாசை முடிஞ்சி பூடும்."

"முடிஞ்சிருந்தாலும், முடியலன்னாலும்."

அடுத்த பஸ்ஸில் அவள் ஏறினாள்.

நான் மெதுவாகத் திரும்பினேன். கால் முழுக்கக் கல் குத்தியிருந்தது. நாளைக் காலையில் சுப்பராயலு வருவான். ஒத்துக்கினாளா மச்சான் என்று கேட்பான். ஒத்துக்கினா என்று சொல்ல வேண்டியதுதான். நீ ஒத்துக்கினியா என்று அவன் கேட்கப் போவதில்லை.

வீட்டுக்குள் விளக்குப் போட்டிருந்தார்கள். கூடத்தில் பச்சையம்மா தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், பெரிய பெரிய கவளமாக. தனக்கோடி பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். எனக்கும் ஒரு தட்டுப் போட்டிருந்தது.

என் கட்டிலைப் பார்த்தேன். தலைமாட்டில் பூட்டும் சாவியும் இருந்தன. நல்ல பூட்டு. எண்ணெயில் பளபளத்தது.

பச்சையம்மா தட்டிலிருந்து முகத்தைத் தூக்கினாள்.

"மாமா, கேட்டப் பூட்டிட்டு வாங்க. சோறு ஆறிப் போவுது."

பூட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டில் கை வைத்தேன். தெருவில் யாரும் இல்லை. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது.

"மாமா" என்று இன்னொரு தரம் கூப்பிட்டாள்.

"வரேன்" என்றேன். கை இன்னும் கேட்டின் மேல்தான் இருந்தது.